ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

செய்துங்கநல்லூரைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. விடிந்ததும் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பியவன், பஸ் ஏறலாம் என்று இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டு இடத்திலும் பஸ் வருவதற்குள் கால் நடக்கத் தொடங்கிவிட்டது. கோபத்தில் இருக்கும்போது எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பையை இடது தோளில் போட்டு, வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் செருகி, தோள் அசையாதபடி பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அன்று பெரிய வியாழன். முந்தின நாள் பங்குனி உத்திரம். சாஸ்தா கோயில்களில் பொங்கலிட்டு, தங்கிவிட்டுத் திரும்பும் வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒரு வேன் கால்வாய்ப் பாலத்தருகே நின்றது. பெண்கள் கரிப்பிடித்த பானைகளைக் கழுவ இறங்கினார்கள். வண்டியை ஒட்டி நின்ற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த வேன்ல வந்தீரு? விட்டுட்டுப் போயிட்டானுவளா?"

நான் கோயிலுக்கு வந்தவன் இல்லை, வேதக்காரன் என்றேன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

"வேதக்காரனுக்கும் தாகம் எடுக்கும்லா. பிடியும்" என்று ஒரு செம்பு மோரை நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். அதே நேரம் என் அக்கா வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசம், இன்னும் முடியவில்லை. எனக்கு முடிந்துவிட்டது. நான் குடிக்கலாம், எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததாலேயே அந்த மோர் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

என்ன கோபம் என்று சொல்வதற்கு முன் ஒரு அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு எதையெல்லாம் பாதியில் விட்டேன் என்று சொல்லப் போனால் நீளும். லாரியில் கிளீனராக இருந்தேன். மலை எஸ்டேட்டில் மருந்தடித்தேன். திருப்பூரில் துணி மூட்டை சுமந்தேன். கேரளத்தில் கல் உடைத்தேன். எங்கும் என்னை யாரும் துரத்தியதில்லை. நானாகத்தான் ஒரு நாள் பையைத் தூக்குவேன். இதில் பெருமையும் இல்லை, பெரிய துக்கமும் இல்லை. படுக்க இடம் கிடைத்தது, சாப்பாடு கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய முப்பது வருஷத்தில், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் மட்டும் படுக்கிற ஓர் அறை எனக்கு அமைந்ததே இல்லை. நாற்பத்து மூன்று வயதில், முதுகு பிடித்துக்கொண்டு தை மாதத்தில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அவள் வீட்டில் இரண்டே அறை. கூடத்தில் டிவிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். அத்தான் செய்தி பார்க்க வேண்டுமென்றால் என் காலைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போக வேண்டும். அவர் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் தாண்டுவார்.

அக்காவின் சபைக் கோயிலுக்குப் பின்னால் ஓடு போட்ட ஓர் அறை இருந்தது. மணியடித்து, பெருக்கி, பாய் விரித்து, செடிக்குத் தண்ணீர் விடுகிறவருக்கு அந்த அறை. அங்கிருந்தவர் வயதாகி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் ஆணிகள், கதவில் நல்ல தடிமனான உள்தாழ்ப்பாள். எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. ஒரு இடத்தில் தங்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அக்கா உபதேசியாரிடம் பேசினாள். உபதேசியார் என்றால் குருவானவருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனித்துக்கொள்கிறவர். அறுபது வயதிருக்கும், ஒல்லியான ஆள், சைக்கிளில்தான் வருவார். அவர் சபைக் கமிட்டியில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: உங்கள் தம்பி எந்த இடத்திலும் நிலைத்தவர் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். லெந்து நாள் வருகிறது. நாற்பது நாளும் அதிகாலை ஜெபத்துக்கு வரட்டும். ஈஸ்டர் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடலாம்.

"ஒண்ணே ஒண்ணப் பிடிச்சு முடிச்சுக் காட்டுல. ஒனக்காகல்லாம் இல்ல. எனக்காக" என்றாள் அக்கா.

சரி என்றேன்.

இதற்கிடையில் முதுகுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் மூட்டை சுமந்தவனைப் பார்த்து உடற்பயிற்சி செய் என்கிறார்களே என்று எரிச்சலாக வந்தது. ஆனால் தெரு முனையில், அரிசிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. காலையில் திறந்து, பெருக்கி, கண்டபடி கிடக்கும் எடைகளை அடுக்கி வைக்க ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். ஓய்ந்த நேரத்தில் நானும் பயிற்சி செய்துகொள்ளலாம் என்றார் மாஸ்டர். அவர் நாங்குநேரிக்காரர். ஒரு காலத்தில் மேடையேறி உடம்பைக் காட்டிப் பரிசு வாங்கியவர். இப்போது சர்க்கரை வியாதி, கொஞ்சம் தொப்பை. ஆனால் அவர் உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். விரல்களின் அடியில் நான்கு காய்ப்புகள், புளியங்கொட்டை பதித்தது போல.

அதைப் பார்த்ததும் எனக்கு அக்காவின் முழங்கால் நினைவு வந்தது. சின்ன வயதிலிருந்து தரையில் முழங்காலிட்டு ஜெபித்து ஜெபித்து அவளுக்கு இரண்டு முழங்காலிலும் கறுத்துத் தடித்திருக்கும். அவள் பீரோவின் உட்கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பாள். ஒரு வருஷத்தில் வேதத்தை முழுக்க வாசித்து முடிக்கிற அட்டவணை. ஒவ்வொரு நாளும் வாசித்துவிட்டுப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. ஜிம்மிலும் மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கால். அதிலும் பென்சில் கோடு.

விடியுமுன் கோயில், அங்கிருந்து நேரே ஜிம். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டையும் பார்த்ததால் எனக்கு ஒற்றுமைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. முதல் வாரம் இரண்டு இடத்திலும் கூட்டம். மூன்றாம் வாரம் இரண்டு இடத்திலும் காற்றாடியது. ஜிம்மில் சிலர் எடையைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். கோயிலிலும் சிலர் ஜெபத்தின் நடுவே குரலை உயர்த்திவிட்டு ஒரு கண்ணைத் திறப்பார்கள். மாஸ்டர் எனக்கு முதல் பத்து நாள் எடையே தரவில்லை. வெறும் கம்பி. "பைய, பைய. தூக்குதது யாரு வேணும்னாலும் தூக்குவான் அண்ணாச்சி. எறக்குததுதான் வித்தை" என்பார். உபதேசியாரும் அப்படித்தான். எனக்கு ஜெபிக்க வார்த்தை வரவில்லை, தூக்கம்தான் வருகிறது என்றதற்கு, வார்த்தையே வேண்டாம், வந்து உட்காரும், அது போதும் என்றார்.

எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. வெறும் கம்பியைத் தூக்கவா நான் வந்தேன்? சும்மா உட்காரவா விடியுமுன் எழுந்தேன்? ஏதாவது நடக்க வேண்டும் அல்லவா. கண்ணாடியில் பார்த்தால் அதே உடம்பு. கோயிலில் கண்ணை மூடினால் அதே இருட்டு. பக்கத்தில் ஓர் அம்மா கண்ணீர் விட்டு ஜெபிப்பார். எனக்குக் கொசு கடிப்பது மட்டும்தான் தெரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இரண்டிலும் கூடிக்கொண்டே போன ஒரே பொருள் நாள் கணக்கு. அதனால் நான் கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஜிம்மின் பின்கதவில், லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் அன்று முதல் கோடு போட்டேன். நாற்பது கோடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு.

எல்லாரும் மதியச் சாப்பாட்டை மட்டும் விட்டார்கள். நான் விடிந்ததிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. ஜிம்மிலும் அட்டையில் இருந்ததற்கு மேல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டினேன். சாப்பிடாமல் எடை தூக்கினால் உடம்பு தன்னையே தின்னும் என்று மாஸ்டர் இரண்டு முறை எச்சரித்தார். நான் அவர் இல்லாத நேரம் பார்த்துத் தூக்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அக்கா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். எனக்கும் தட்டு போட்டாள். நான் உபவாசம் என்றேன்.

"ஞாயித்துக்கிழம உபவாசம் கெடையாதுல. அத நாப்பதுல சேக்க மாட்டாங்க" என்றாள்.

அத்தான் எலும்பைக் கடித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு நாள் பட்டினி, ஏழாம் நாள் ஆட்டுக்கறி. இப்படி ஒரு சந்து வைத்துக்கொண்டா இவர்கள் நாற்பது நாள் என்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு உண்டு என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். என் பங்கை அவள் மூடி வைத்திருந்தாள். சாயங்காலம் வந்து நான் கஞ்சி மட்டும் குடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஞாயிறும் என் பங்கை மூடி வைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும்.

ஜிம்முக்கும் ஞாயிறு விடுமுறை. ஆனால் சாவி என்னிடம் இருந்தது, அன்றைக்கும் திறந்து எடை தூக்கினேன். மாஸ்டருக்கு எப்படியோ தெரிந்து, திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொன்னார்: "ரெஸ்ட்டுன்னா லீவுன்னு நெனைச்சீரா? தூக்கும்போது சதை கிழியுது. சும்மா கெடக்கும்போதுதான் ஒட்டி வளருது. சும்மா கெடக்குததும் பயிற்சிதான் அண்ணாச்சி." அக்கா சொன்னதையே இவரும் வேறு விதமாகச் சொல்கிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. பட்டதும் கோபம்தான் வந்தது. சும்மா கிடப்பதைப் பற்றி இவர்கள் எனக்குச் சொல்லித் தருகிறார்களா? வேலை கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டில் எத்தனை நாள் சும்மா கிடந்திருக்கிறேன். அதில் என் சதை ஒன்றும் வளரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொடர்ந்து போனேன்.

ஐந்தாவது ஞாயிறு, முப்பத்து மூன்றாம் கோடு. காலையிலிருந்து வயிறு காலி. ஆளில்லாத ஜிம்மில், பெஞ்சில் மல்லாந்து படுத்து, முந்தின நாளை விடக் கூடுதலாக எடை போட்டுத் தூக்கினேன். மேலே போய்விட்டது. இறக்கும்போது வலது தோளுக்குள் ஈரத்துணியைக் கிழிப்பது போல ஒன்று கேட்டது. கம்பியைச் சாய்த்துத் தரையில் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். கீழே அரிசிக் கடையும் பூட்டிக் கிடந்தது. கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. எழுந்து, இடது கையால் எடைகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, பின்கதவில் கோடு போட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்துவிடும். அடுத்த ஏழு நாளும் இடது கையால் பெருக்கினேன், இடது கையால் கஞ்சி கலக்கினேன், கால் பயிற்சி மட்டும் செய்தேன். படுக்கும்போது தோளுக்கடியில் பையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு வந்தது. அதுதான் என் நாற்பதாம் கோடு. எல்லாரும் ஓலையைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஊர்வலம் வர வேண்டும். கிளம்புமுன் உபதேசியார் என்னைக் கூப்பிட்டு, மணியை நீரே அடியும் என்றார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அவர் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது. கயிற்றைப் பிடித்தேன். வலது கை நெஞ்சுக்கு மேல் போகவில்லை. இடது கையால் இழுத்தேன். மணி இரண்டு தரம் சேர்ந்தாற்போல் அடித்து, ஒரு தரம் அடிக்காமல் நின்று, பிறகு ஒன்று அடித்தது. ஓலை பிடித்து நின்ற பெண்களில் யாரோ சிரித்தார்கள். உபதேசியார் என் கையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவன், மறுநாள் அதிகாலை எழவில்லை. நாற்பது முடிந்துவிட்டது, இனி எதற்கு எழ வேண்டும்? மணிச் சத்தம் கேட்டது. புரண்டு படுத்தேன். விடிந்து போய் ஜிம்மைத் திறந்துவிட்டு, மதியம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். இரண்டாவது தட்டும் வாங்கினேன். செவ்வாயும் அதே கடை. அங்கே வைத்துத்தான் கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்திருக்கிறார். அது பாடுகளின் வாரம், இயேசு சிலுவையில் பட்ட பாட்டை நினைக்கிற வாரம். வருஷம் முழுவதும் கறி தின்கிறவன்கூட அந்த வாரம் மீன் வாசனைக்குத் தள்ளி நிற்பான். நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டு அவருக்கு வணக்கம் சொன்னேனாம்.

புதன்கிழமை சாயங்காலம் உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா டீ வேண்டுமா என்று கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

"திங்கக்கிழமையிலேருந்து ஆளக் காணலையே தம்பி. ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

நாற்பது முடிந்துவிட்டது என்றேன். எப்போது என்று கேட்டார். குருத்தோலை ஞாயிறோடு என்றேன். அவர் மடியில் கையை வைத்து விரல்களை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமையையும் சேத்துட்டீரா. அதான் பாத்தேன். அத விட்டுட்டுல்லா எண்ணணும். அது ஆண்டவர் எழுந்திரிச்ச நாளு. அன்னைக்கு யாரும் பட்டினி கெடக்கக் கூடாது."

"நீங்கல்லாம் சாப்பிட்ட அந்த ஆறு நாளும் நான் கெடந்தேன். அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"ஒன்ன யாருல கெடக்கச் சொன்னா?" என்றாள் அக்கா, அடுக்களை வாசலிலிருந்து.

உபதேசியார் அவளைக் கையமர்த்தினார். பிரியாணிக் கடை விஷயம் கமிட்டிக்கு வந்துவிட்டதென்றும், தெரியாமல் எண்ணிவிட்டார் என்று தான் சொல்லிவைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணும் கெட்டுப் போகல. வியாழன், வெள்ளி, சனி. இன்னும் மூணே மூணு நாளு. விடியக்காலம் வாரும். ஈஸ்டர் ஆராதனை முடிஞ்சதும் அங்கனயே வச்சுச் சாவிய வாங்கிக்கிடும். தெரியாம எண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தைதான் விலை. இப்போது எழுதும்போது அது எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. அதுதான் எனக்கு ஆற்றாமை. அறை கையெட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று நாள் காலையில் எழுந்து சும்மா உட்கார்ந்தால் போதும். ஆனால் என் வாழ்க்கையில் முடித்த ஒன்றே ஒன்று அந்த நாற்பது கோடு. அதைத் தப்பு என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார்கள். நான் பட்ட பட்டினி, தோள், எல்லாம் கணக்கில் வராத நாட்களில் நடந்தவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"தெரியாம எண்ணல. அக்கா மொத ஞாயிறே சொன்னா. தெரிஞ்சுதான் எண்ணினேன். நான் முடிச்சாச்சு" என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"முடிச்சவருக்கு எதுக்குவே இவ்வளவு கோவம்?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

போகுமுன் எழுந்து நின்று ஜெபித்தார். வீட்டுக்காக, அத்தானின் ரத்தக்கொதிப்புக்காக, அக்காவின் பள்ளிப் பிள்ளைகளுக்காக. கடைசியில் என் வலது கைக்காக ஜெபித்தார். அதைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விட்டதில்லை. நான் ஆமென் சொல்லவில்லை. அக்கா அப்போதுதான் என் கையைத் திரும்பிப் பார்த்தாள்.

வியாழன் அதிகாலை மணி அடித்தபோது விழித்துத்தான் கிடந்தேன். எழுந்து சட்டையைக்கூடப் போட்டுவிட்டேன். இடது கையால் பித்தான் மாட்டிக்கொண்டிருக்கும்போது, இப்போது நான் போனால் அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. பித்தானை மாட்டி முடித்தேன். ஆனால் போனது ஜிம்முக்கு. மாஸ்டர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். சாவியை மேசையில் வைத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார். எழுந்து வந்து கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எந்த நாளு?" என்றார். எப்படி என்று கேட்கவில்லை.

ஞாயிறு என்றேன்.

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், ஆறு வாரம் இந்தக் கையால் ஒன்றும் தூக்கக் கூடாது என்றார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அறுவது பேரு வாராங்க. ஒருத்தன் ஒழுங்கா வந்தீரு. அதும் இப்படியா வரணும்?" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்தேன். அக்கா கோயிலிலிருந்து திரும்பி, உள் அறையில் கட்டிலோரம் முழங்காலிட்டிருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. அவள் உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன, வெடிப்பில் சுண்ணாம்புக் கட்டித் தூள். முடிக்கட்டும் என்று நின்றேன். அவள் முடிக்கவில்லை. எனக்காகத்தான் இவ்வளவு நேரம் என்று தோன்றியதும் என்னால் நிற்க முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

கருங்குளத்துக்கு அப்புறம் சாலையின் இரண்டு பக்கமும் வாழை. ஈரக் காற்று வந்தது. என் கோபத்தைப் பற்றி உபதேசியார் கேட்ட கேள்விக்கு நடந்துகொண்டே பதில் தேடினேன். ஒவ்வொரு பதிலும் சண்டையாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. மூடி வைத்த தட்டைத் திறந்து சாப்பிட்டிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும் தோள் கிழிந்திருக்காது. பட்டினி எனக்குத் தெரிந்த வேலை. அதை எத்தனை நாள் வேண்டுமானாலும் செய்வேன். கொடுத்ததை உட்கார்ந்து வாங்கிச் சாப்பிடுவது எனக்குத் தெரியாத வேலை. அதைத்தான் அக்காவும் மாஸ்டரும் முதலில் செய்யச் சொன்னார்கள். இவ்வளவு புரிந்த பிறகாவது திரும்பிப் போயிருக்கலாம். வெள்ளியும் சனியும் மீதம் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ் ஒன்று எதிரே வந்தது. கைகாட்டாமல் நின்றேன். போய்விட்டது. அந்த பஸ்ஸின் மேலும் கோபப்பட்டேன்.

ஸ்ரீவைகுண்டம் பாலத்தருகே பொழுது சாயும்போது, ஏரலுக்குப் போகும் லோடு ஆட்டோக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். ஏரல் பஸ் நிலையத்தில் படுத்தேன்.

காலையில் டீ குடித்துவிட்டு ஆற்றுப் பக்கம் போனேன். வாழைத்தார் ஏற்றுகிற கொட்டகை ஒன்றின் முன் லாரி நின்றது. தார்கள் சுவர் உயரத்துக்குக் கிடந்தன. சுமக்க இரண்டே பேர். கமிஷன் கடைக்காரர் போனில் யாரையோ கெஞ்சுவதும் ஏசுவதுமாக இருந்தார். போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"வேல தேடி வந்தீரா?"

ஆமாம் என்றேன்.

"நம்ம ஆளுவ முக்காவாசிப் பேரு வேதக்காரனுவ. இன்னைக்குப் பெரிய வெள்ளி. கால்ல விழுந்தாலும் ஒருத்தனும் வரமாட்டான். நாளைக்கு எல்லாவனும் வந்துருவான். அதனால ஒரு நாள் வேலதான், இப்பமே சொல்லிட்டேன். சம்மதமாவே?"

நான் யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சம்மதம் என்றேன்.

லாரிக்குப் பலகை சாய்த்திருந்தார்கள். சுமக்கிறவர்களில் ஒருவர் சாக்கை மடித்துக்கொண்டு வந்து, எந்தத் தோள் என்று கேட்டார். இடது என்றேன். சாக்கை வைத்து, அதன் மேல் தாரை ஏற்றினார்கள். தார் ஈரமாக இருந்தது, பால் வடிந்து கழுத்தில் ஒட்டியது. பலகையில் கால் வைத்தேன்.